சொட்டுவது உப்பு நீரா, நன்னீரா? விசைப்படகு இன்ஜினின் நீர்க்கசிவைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

இன்ஜின் ரூமில் இறங்கியவுடன் படகின் அடியில் வழக்கத்தைவிட அதிகமாக நீர் தேங்கியிருப்பதைக் கண்டால், கைக்கு எட்டும் ஹோஸ் கிளிப்புகளையெல்லாம் ஒரு சுற்று இறுக்கிவிட்டு மேலே ஏறிவிடுவதுதான் பெரும்பாலானோரின் வழக்கம். கசிவு நின்றுவிட்டால் சரி. நிற்காவிட்டால் மறுநாள் வாட்டர் பம்ப்பைக் கழற்றுவது, அதற்கடுத்த நாள் சிலிண்டர் ஹெட்டைத் தூக்குவது என்று செலவு ஏறிக்கொண்டே போகும். இங்கே சொல்லப்படும் முறை வேறு வரிசையில் செல்கிறது. ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே, சொட்டுவது எந்த நீர் என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். அதைத் தீர்மானித்துவிட்டால் சந்தேகிக்க வேண்டிய இடங்களில் பாதி தானாகவே விலகிவிடும்.

கசிவு சிறிதுதானே என்று விட்டுவிடுவதும் சரியல்ல. நிமிடத்துக்கு 60 சொட்டு என்பது பார்வைக்கு அற்பமாகத் தெரியும். ஆனால் 20 சொட்டு ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கிட்டால், ஒரு மணி நேரத்தில் 180 மில்லிலிட்டரும், ஒரு முழு நாளில் நான்கு லிட்டருக்கு மேலும் போய்விடுகிறது. தங்குகடல் தொழிலுக்கு ஒரு வாரம் போகும் படகில் இன்ஜினின் நன்னீரைத் தேக்கிவைக்கும் ஹெடர் டேங்க்கை வற்றவைக்க இதுவே போதும்.

இரண்டு நீர்ச்சுற்றுகள்

தமிழகக் கடலோரத்தின் விசைப்படகுகளில் பெரும்பாலும் இருப்பது ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். நன்னீரின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் பொருத்திய இன்ஜினில் இரண்டு நீர்ச்சுற்றுகள் ஒன்றோடொன்று கலக்காமல் ஓடுகின்றன. முதலாவது நன்னீர்ச் சுற்று: கூலன்ட் கலந்த நீர், இன்ஜினின் முன்புறத்தில் பெல்ட்டால் சுழலும் பம்ப்பிலிருந்து பிளாக், ஹெட், தெர்மோஸ்டாட், ஹெடர் டேங்க் என்று சுற்றி வருகிறது. இரண்டாவது கடல்நீர்ச் சுற்று: படகின் அடியிலுள்ள சீ காக் என்ற வால்வு வழியாக நுழையும் நீர், ஸ்ட்ரெயினரில் வடிகட்டப்பட்டு, ரப்பர் இம்பெல்லர் (இதழ்ச் சக்கரம்) கொண்ட பம்ப்பால் தள்ளப்பட்டு, கியர் ஆயில் கூலர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஆகியவற்றைக் கடந்து மீண்டும் கடலுக்கே போய்விடுகிறது. எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்த நீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும்.

இந்த இரண்டு சுற்றுகளும் சுவர் ஒன்றை மட்டும் இடையில் வைத்துக்கொண்டு சந்திக்கும் இடம் ஹீட் எக்ஸ்சேஞ்சர். எனவேதான் வெளியில் ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியாமல் நீர் குறையும் மர்மங்களில் பெரும்பாலானவை அங்கே முடிகின்றன. கடல்நீரையே நேரடியாகப் பிளாக்குக்குள் அனுப்பும் பழைய இன்ஜின் என்றால் நன்னீர்ச் சுற்றைப் பற்றிய பகுதிகளைத் தாண்டிச் செல்லலாம். ஆனால் உப்பு அரிப்பைப் பற்றிய பகுதியை இருமுறை வாசிப்பது நல்லது.

எந்த நீர் என்று அறிதல்

நாக்கில் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாகவே இருக்கும். ஆனால் அது நஞ்சு. படகின் அடியில் தேங்கிய நீரை எடுத்துச் சோதிப்பதிலும் பயனில்லை, ஏனெனில் அதில் டெக்கிலிருந்து வடிந்த நீர், பனிக்கட்டி உருகிய நீர், மழைநீர் எல்லாம் கலந்திருக்கும். சொட்டும் இடத்திலேயே ஒரு சுத்தமான மூடியை ஏந்திச் சில மில்லிலிட்டர் பிடிக்க வேண்டும்.

அதில் சிறிதை ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றி அடுப்பில் வற்றவைத்தால், கடல்நீர் வெள்ளைப் படிகமாகக் கரகரவென்று நிற்கும். கூலன்ட் பிசுபிசுப்பான நிறப் படலமாக ஒட்டிக்கொள்ளும். இன்னும் தெளிவான விடை வேண்டுமானால், வீட்டு ஆர்ஓ தண்ணீரைப் பார்க்கப் பயன்படும் டிடிஎஸ் மீட்டரே போதுமானது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால், மலிவான மீட்டரை அதில் நேராக நனைத்தால் அளவு எல்லை தாண்டிவிடும். ஆகவே ஒரு லிட்டர் ஆர்ஓ நீரின் அளவை முதலில் குறித்துக்கொண்டு, பிடித்த நீரில் 5 மில்லிலிட்டரை அதில் கலந்து மீண்டும் பார்க்க வேண்டும். அளவு 170 பிபிஎம் (லிட்டருக்கு 170 மில்லிகிராம்) அல்லது அதை ஒட்டி ஏறினால் அது கடல்நீர். அதில் சிறு பங்கு மட்டும் ஏறினால் அது நன்னீர்ச் சுற்றின் நீர். சோதித்த நீரை நாய், பூனைக்கு எட்டாத இடத்தில் கொட்ட வேண்டும்.

கடல்நீர் என்று தெரிந்தாலும் அது இன்ஜினிலிருந்துதான் வருகிறது என்று உறுதியாகிவிடாது. புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியேறும் இடத்திலுள்ள நீரைத் தடுக்கும் கிளாண்ட் பேக்கிங், ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டுகள் விடுவது இயல்பே. அந்த நீர் இல்லாவிட்டால் பேக்கிங் கருகிவிடும். ஆனால் அது தளர்ந்து நீர் தாரையாக வரும்போது, சுழலும் கப்ளிங் அதை வாரி இன்ஜினின் பின்புறம் முழுவதும் தெளித்துவிடும். பின்புறம் நனைந்த இன்ஜினைப் பார்த்து ஆயில் கூலரைக் கழற்றியவர்கள் பலர். இன்ஜினை நிறுத்திய பின்னும் ஷாஃப்ட் ஓரத்தில் நீர் வழிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் இந்த ஐயம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

சொட்டும் இடமும் கசியும் இடமும்

நீர் கசியும் இடத்தில் சொட்டுவதில்லை. சரிவைத் தேடி ஓடி, ஏதேனும் ஒரு போல்ட் தலையிலோ குழாய் வளைவிலோ திரண்டுதான் சொட்டுகிறது. எண்ணெயும் புழுதியும் படிந்த இன்ஜினில் அதன் தடத்தைக் காண முடியாது. எனவே இன்ஜின் முழுவதும் ஆறியபின், டைனமோவையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பாலிதீன் உறையால் மூடிவிட்டு, சோப்புத் தண்ணீரால் கழுவி, பழைய துணியால் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். பிறகு சந்தேகத்துக்குரிய இணைப்புகளின் மீதும் அவற்றின் கீழும் கோலமாவையோ சாக்பீஸ் பொடியையோ மெல்லியதாகத் தூவி, இன்ஜினின் அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து, எந்தத் தாள் எந்தப் பாகத்தின் கீழ் என்று அதிலேயே எழுதிவைக்க வேண்டும்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்து மிதவேகத்தில் 10 நிமிடம் ஓடவிட்டால், வெள்ளைப் பொடியில் சாம்பல் நிறக் கோடு ஒன்று விழும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் தேடும் இடம். காற்று வீசும் பெல்ட் பக்கத்தில் பொடி நிற்காது என்பதால் அங்கு தாளை மட்டும் நம்ப வேண்டும். கைலியோடும் தோளில் துண்டோடும் பெல்ட்டின் அருகே குனியக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், அனுபவசாலிகளே அதை மறந்துவிடுவதுதான்.

சில கசிவுகள் குளிர்ந்த நிலையில்தான் தெரியும்; உலோகமும் ரப்பரும் சுருங்கியிருக்கும்போது சொட்டி, சூடேறியதும் தானாக அடைத்துக்கொள்ளும். வேறு சில, அழுத்தம் ஏறிய பிறகே தலைகாட்டும். ஆகவே இரவு முழுவதும் நின்ற இன்ஜினை விடியற்காலையில் தொடுவதற்கு முன் ஒருமுறையும், நன்றாகச் சூடேறியபின் ஒருமுறையும் பார்க்க வேண்டும். அப்போதும் பிடிபடாவிட்டால் அழுத்தச் சோதனைதான் வழி.

அழுத்தச் சோதனை

ஹெடர் டேங்க்கின் மூடியில் அது தாங்கும் அழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். அந்த மூடி வெறும் மூடியல்ல. சுற்றில் ஒரு பார் அழுத்தத்தைத் தேக்கிவைத்தால் நீரின் கொதிநிலை 100 டிகிரியிலிருந்து சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு உயர்கிறது. எனவே ரப்பர் வளையம் கெட்டுப்போன மூடியே நீர் குறைவதற்குக் காரணமாக இருக்கலாம், அதைச் சோதிப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவான வேலை. சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது; திறந்த கணத்தில் அழுத்தம் குறைந்து, அதுவரை அமைதியாக இருந்த நீர் கொதித்து முகத்தில் பாயும்.

லாரி ரேடியேட்டரைச் சோதிக்கும் கைப்பம்ப், பொருத்தமான மூடி அடாப்டருடன் இங்கும் பயன்படும். இன்ஜின் ஆறியிருக்கும்போது டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பி, மூடியில் அச்சிட்ட அளவுவரை மட்டும் அழுத்தம் ஏற்றி, 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். முள் அசையாவிட்டால் நன்னீர்ச் சுற்று அந்த நிலையில் நலமாக இருக்கிறது. முள் இறங்கி, வெளியே ஈரமும் தெரிந்தால், இன்ஜின் ஓடாத அமைதியில் அதை நிதானமாகத் தேடிப் பிடிக்கலாம். முள் இறங்கியும் வெளியே ஈரமில்லை என்றால் நீர் உள்ளே எங்கோ போகிறது: ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள், ஆயிலுக்குள் அல்லது சிலிண்டருக்குள்.

கடல்நீர்ப் பக்கத்துக் கசிவுகள்

இந்தப் பக்கத்தில் எதைக் கழற்றுவதானாலும் முதலில் சீ காக்கை மூடி, மூடியதை உறுதிசெய்ய ஸ்ட்ரெயினரின் மூடியைச் சற்றே தளர்த்திப் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் திருப்பாத சீ காக்கின் கைப்பிடி மூடியதுபோல் திரும்பினாலும் உள்ளே மூடாமலிருக்கலாம். அப்படிப்பட்ட சீ காக்கை மாற்றுவதற்குப் படகைக் கரையேற்ற வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலமே அதற்கு ஏற்ற நேரம்.

பம்ப்பின் உடலில், தண்ணீர் சீலுக்கும் ஆயில் சீலுக்கும் இடையே கீழ்நோக்கி ஒரு சிறு துளை இருக்கும். அங்கிருந்து நீர் சொட்டினால் தண்ணீர் சீல் போய்விட்டது; எண்ணெய் சொட்டினால் ஆயில் சீல். சொட்டுவதைத் தடுக்கிறோம் என்று எம்-சீல் வைத்து அந்தத் துளையை அடைத்த பம்ப்புகளைப் பார்த்திருக்கிறேன். அடைத்தபின் கடல்நீர் பேரிங்கிற்குள் நுழைகிறது. கியரால் இயங்கும் பம்ப்பாக இருந்தால் நேராக இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே போகிறது. எதை வேண்டுமானாலும் அடைக்கலாம், அந்தத் துளையை மட்டும் அடைக்கக் கூடாது.

சீலை மாற்றும்போது ஷாஃப்ட்டின் மீது நகத்தை வைத்து நீளவாக்கில் இழுத்துப் பார்க்க வேண்டும். பழைய சீலின் உதடு உராய்ந்த இடத்தில் நகம் தடுக்கினால், புதிய சீல் சில வாரங்களுக்கு மேல் நிற்காது. ஷாஃப்ட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் அது தடுக்க வேண்டிய திரவத்தைப் பார்த்திருக்க வேண்டும். இம்பெல்லரின் இதழ்களில் ஒன்று உடைந்திருந்தால், அந்தத் துண்டு கிடைக்கும்வரை தேடுவது கட்டாயம், ஏனெனில் அது கூலரின் வாயில் போய்ச் சிக்கியிருக்கும். புதிய இம்பெல்லரைக் கிரீஸ் தடவாமல் கிளிசரின் அல்லது சோப்புநீர் தடவிப் பொருத்த வேண்டும்.

ஹோஸ்களைப் பொறுத்தவரை, கையால் அழுத்தும்போது கல்போல் இறுகியோ பஞ்சுபோல் தளர்ந்தோ இருந்தால் மாற்றிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட பழைய ஹோஸைத் திருகி இழுக்காமல், நீளவாக்கில் பிளேடால் கீறி உரிப்பதே முறை. இழுத்தால் குழாயின் நிப்பிள் (ஹோஸை மாட்டும் முனை) வளைந்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழுள்ள ஒவ்வொரு முனையிலும் இரண்டிரண்டு கிளிப்புகள் இருக்க வேண்டும். பெட்டியில் ஸ்டெயின்லெஸ் என்று அச்சிட்டிருந்தாலும் கிளிப்பின் திருகு பல சமயம் சாதாரண இரும்பாக இருக்கும் என்பதால், கடையிலேயே காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது. பட்டையில் ஒட்டாத காந்தம் திருகில் பிடித்துக்கொண்டால் வேறு கிளிப்பைக் கேளுங்கள்.

பித்தளை நிப்பிள்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். உப்பு நீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் மெல்ல மெல்லக் கரைந்து வெளியேற, எஞ்சியிருப்பது உறுதியற்ற செம்பு மட்டுமே. வெளியிலிருந்து பார்க்க நிப்பிள் முழுமையாகவே இருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு நிறம் தெரியும். இன்னும் சற்று அழுத்தினால் பழைய செங்கல்போல் உதிரும். அத்தகைய நிப்பிளில் கிளிப்பை இறுக்குவது கசிவை நிறுத்தாது, நிப்பிளைத்தான் உடைக்கும். மாற்றும்போது வெண்கலம் கிடைத்தால் அதையே போட வேண்டும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர்

இதற்குள் குழாய்க் கட்டு ஒன்று இருக்கும். வழக்கமான அமைப்பில் குழாய்களுக்குள் கடல்நீரும் அவற்றைச் சுற்றி நன்னீரும் ஓடும். குழாய் ஒன்றில் ஊசித்துளை விழுந்தால், இன்ஜின் சூடாக ஓடும்போது நன்னீர்ப் பக்கத்து அழுத்தம் பெரும்பாலும் அதிகமாக இருப்பதால் கூலன்ட் கடல்நீரோடு கலந்து வெளியே போய்விடுகிறது. இன்ஜின் நின்று ஆறியபின் நிலைமை தலைகீழாகி, எக்ஸ்சேஞ்சர் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் கடல்நீர் உள்ளே நுழைகிறது. இதனால் ஹெடர் டேங்க் கடலில் குறைந்தும், துறைமுகத்தில் ஒரு நாள் நின்றால் நிறைந்தும் காணப்படும். இந்த விளையாட்டைக் காட்டும் டேங்க்கில் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் விடை உடனே கிடைத்துவிடும்.

ஒவ்வொரு முறை கடலுக்குப் போய்வரும்போதும் அரை லிட்டர் குறைந்துகொண்டிருந்த ஒரு படகில், எங்கும் ஈரமில்லாததால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட்டை இருமுறை மாற்றியிருந்தார்கள். சீ காக்கை மூடி, கடல்நீர்ப் பக்கத்தை வடித்து, எக்ஸ்சேஞ்சரின் பின்மூடியைக் கழற்றி, குழாய் முனைகளைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு நன்னீர்ச் சுற்றில் அழுத்தம் ஏற்றினோம். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கீழ்வரிசையில் ஒரே ஒரு குழாயின் வாயில் பச்சை நிறத்தில் ஒரு முத்து திரண்டு, தயங்கி, உதிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அடுத்தது. இரண்டு கேஸ்கெட்டும் இரண்டு முறை ஹெட் தூக்கிய கூலியும் அந்த முத்துக்காகத்தான் போயிருந்தன.

ஒன்றிரண்டு குழாய்கள் மட்டும் பழுதென்றால், கூம்பு வடிவப் பித்தளை அடைப்பான்களை இரு முனையிலும் மெதுவாகத் தட்டி அந்தக் குழாயை விலக்கிவிட்டு ஓட்டலாம். ஆனால் ஒரு குழாய் அரித்துவிட்டால் அதே வயதுள்ள மற்றவையும் நெருங்கிவிட்டன என்றே கொள்ள வேண்டும். இது சீசன் முடியும்வரை தாங்குவதற்கான ஏற்பாடு மட்டுமே. அரிப்பைத் தடுப்பதற்காகவே எக்ஸ்சேஞ்சரில் துத்தநாகத் தண்டு ஒன்று திருகப்பட்டிருக்கும். அது பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். துத்தநாகம் தீர்ந்தபின் கடல்நீர் அடுத்து உண்ணத் தொடங்குவது குழாய்களையும் அவற்றின் ஈயப்பற்றையும்தான்.

கியர் ஆயில் கூலரும் இதே கதைதான்: ஓடும்போது எண்ணெய் கடலுக்குள் போகும், நின்றபின் கடல்நீர் கியர்பாக்ஸுக்குள் வரும். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் அதைத் தவிர வேறெங்கும் முதலில் தேட வேண்டியதில்லை.

இன்ஜினுக்குள் இறங்கும் நீர்

டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, ஆயில் டீயின் நிறத்தில் கலங்கியிருந்தாலோ, ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது. சிலிண்டருக்குள் நீர் நிரம்பியிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது; கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் ஃப்ளைவீலை இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பதே பாதுகாப்பு. எந்தத் துளையிலிருந்து நீர் பீறிடுகிறதோ அந்தச் சிலிண்டர்தான் குற்றவாளி. ஆயிலில் நீர் இருக்கிறதா என்ற ஐயத்தைத் தீர்க்க, இரவு முழுவதும் நின்ற இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பின் பிளக்கைக் கால் திருகு மட்டும் தளர்த்தினால், எண்ணெயைவிடக் கனமான நீர் கீழே தங்கியிருப்பதால் அதுவே முதலில் வடியும்.

ஆயிலில் நீர் கலந்தது உறுதியானால், சம்ப்பைக் கழற்றி, அடியில் அட்டை விரித்து, நன்னீர்ச் சுற்றில் அழுத்தம் ஏற்றி மேலே பார்க்க வேண்டும். பிஸ்டன் ஓடும் உருளையான லைனரின் கீழ்விளிம்பில் சொட்டினால் அதன் ஓ ரிங் போய்விட்டது; லைனரை வெளியே எடுக்காமல் தீராது. லைனர்கள் உலர்ந்திருந்தால் இன்ஜின் ஆயில் கூலரைத் தனியாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும்.

ஆயில் சுத்தமாக இருந்து, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்திலேயே திறந்த ஹெடர் டேங்க்கில் குமிழிகள் விடாமல் வந்தால் அது சிலிண்டரில் டீசல் எரிந்து உண்டாகும் வாயு. காரணம் ஹெட் கேஸ்கெட் பழுது அல்லது ஹெட்டின் விரிசல். ஹெட்டைத் தூக்கியபின் நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துத் தளத்தின் வளைவை அளக்காமல் புதிய கேஸ்கெட் போடுவது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, கையேட்டிலுள்ள வரிசையிலும் அளவிலும், டார்க் ரென்ச்சால் படிப்படியாக இறுக்க வேண்டும். ஷெல்லாக் தடவினால் கேஸ்கெட் நன்றாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டுக்கு அதைத் தடவச் சொல்லிக் கையேடு குறிப்பிட்டாலொழிய தடவ வேண்டாம்.

கரை தூரமாக இருக்கும்போது

நடுக்கடலில் ஹோஸ் வெடித்தால், இன்ஜினை நிறுத்தி நங்கூரம் போட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்; பாக் ஜலசந்தியில் இன்ஜினில்லாமல் மிதந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் பிரச்சினை ஹோஸோடு முடியாது. ஹோஸை முற்றிலும் உலர்த்தி, சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி நன்றாக இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, இரு ஓரத்திலும் கிளிப் போட வேண்டும். இன்ஜின் ஆறியபின் ஹெடர் டேங்க் மூடியை முதல் பூட்டுவரை மட்டும் தளர்த்தி வைத்தால் அழுத்தம் ஏறாது, கசிவும் பாதியாகும். ஆனால் கொதிநிலையும் இறங்கிவிடுவதால் குறைந்த வேகத்தில், டெம்பரேச்சர் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் வர முடியும். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். குடிநீரும் தீர்ந்து கடல்நீரையே ஊற்ற நேர்ந்திருந்தால், கரை சேர்ந்த அன்றே நன்னீரால் பலமுறை அலசிவிட வேண்டும்.

நிரப்புதலும் ஓட்டிப் பார்த்தலும்

கடலோர ஊர்களின் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பாகவே இருப்பதால், கூலன்ட் கலக்க ஆர்ஓ நீரோ பேட்டரித் தண்ணீரோதான் ஏற்றது. மெதுவாக நிரப்பி, உயரமான இடத்திலுள்ள காற்றுத் திருகைத் திறந்து, குமிழியில்லாமல் நீர் வந்ததும் மூட வேண்டும். டேங்க் மூடியைப் போடாமலே ஸ்டார்ட் செய்து, நீர் வெதுவெதுப்பாகும்வரை மட்டும் ஓடவிட்டு, இறங்கும் மட்டத்தை நிரப்பியபின் மூடியைப் பூட்ட வேண்டும். சீ காக் திறந்திருக்கிறதா என்பதை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். உலர்ந்து ஓடும் இம்பெல்லர் சில நிமிடங்களில் கருகிவிடும்.

துறைமுகத்தில் கட்டிவைத்து ஓட்டிப் பார்ப்பது போதாது. மடியை (இழுவலையை) இழுக்கும்போது இருக்கும் சுமை அங்கே வராது. ஒரு மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டி வந்து, இரவு ஆறவிட்டு, காலையில் ஹெடர் டேங்க்கின் மட்டத்தை முந்தைய கோட்டோடு ஒப்பிட்டு, புதிய ஹோஸ்களின் கிளிப்புகளை இன்னொரு கால் திருகு இறுக்க வேண்டும். இன்ஜினுக்கு அடியில் புதிதாக விரித்த செய்தித்தாள் அப்போதும் உலர்ந்திருந்தால், அதை எடுத்துவிட்டு ஐஸ் ஏற்றச் சொல்லலாம்.